பெரி மேசன் நாவல்கள்: சாட்சிக்கூண்டை அறிந்தவர் எழுதிய புத்தகங்கள்

அமெரிக்க எழுத்தாளர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர், பெரி மேசன் என்ற கற்பனைச் சட்டத்தரணியை நாயகனாக வைத்து எழுதிய துப்பறியும் நாவல்களை வாங்கலாமா, வாங்குவதானால் எதிலிருந்து தொடங்கலாம், எந்தப் பதிப்பைத் தேடலாம் என்று திருகோணமலையில் சட்டம் படிக்கும் இளையோர் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதாலும், இந்த நாவல்களை அந்தப் பணிக்காலம் முழுவதும் படித்து வந்தவன் என்பதாலும், அவர்களுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக எழுதி வைக்கிறேன். என் பதில், வாங்குங்கள் என்பதுதான். ஆனால் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. கிடைத்த பதிப்பையெல்லாம் வாங்கவும் கூடாது.

நீதிமன்றத்தைக் களமாகக் கொண்ட நாவல்கள் ஆங்கிலத்தில் ஏராளம். அவற்றுள் கார்ட்னரை நான் தனியே எடுத்து வைப்பதற்குக் காரணம், அவர் சாட்சியத்தை அறிந்தவர். ஒரு மனிதன் கண்ணால் கண்டது, அவன் பொலிசாரிடம் சொல்லும்போது என்னவாகிறது, பிறகு சாட்சிக்கூண்டில் ஏறி நின்று சத்தியம் செய்து சொல்லும்போது என்னவாகிறது, குறுக்கு விசாரணையில் அதில் எது மிஞ்சுகிறது என்ற இந்தப் பயணத்தை அவரளவுக்குப் பொறுமையாகப் பின்தொடர்ந்த கதாசிரியரை நான் படித்ததில்லை. அந்த அறிவு அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கட்சிக்காரர்களோடும் நீதவான்களோடும் பழகிய தொழிலிலிருந்து வந்தது.

அவருடைய வாழ்க்கையைச் சிறிது அறிந்துகொண்டு படித்தால் நாவல்கள் வேறு விதமாகத் தெரியும். கார்ட்னர் 1889ஆம் ஆண்டு மசாசுசெட்ஸ் மாநிலத்தில் மோல்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கப் பொறியியலாளர் என்பதால் குடும்பம் மேற்குக் கரைக்குப் பெயர்ந்தது. இந்தியானா மாநிலத்தில் வல்பரைசோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தவர், குத்துச்சண்டை தொடர்பான ஒரு குழப்பத்தில் சிக்கி மிகக் குறுகிய காலத்திலேயே வெளியேறினார். அதன்பின் சட்ட அலுவலகங்களில் எழுத்தராக இருந்து தானாகவே படித்து, 1911இல், இருபத்திரண்டு வயதை எட்டுவதற்குள் அல்லது எட்டிய கையோடு, கலிபோர்னியாவில் சட்டத்தரணியானார். பட்டம் எதுவும் இல்லை. பழைய காலத்தில் நம் நாட்டிலும் பிரக்டர்மார் என்ற அக்கால வழக்கறிஞர்களிடம் கைவேலையாகத் தொழில் பழகியவர்கள் இருந்தார்கள்; அந்த வகையில் வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் அலுவலகம் வைத்திருந்த ஒக்ஸ்னாட் என்ற சிறிய ஊரில் சீனர் பலர் வாழ்ந்தனர். ஊரார் அவர்களை மதிக்கவில்லை. பெரிய சட்டத்தரணிகள் அவர்களுடைய வழக்குகளைத் தொடுவதில்லை. கார்ட்னர் தொட்டார். அக்காலத்து வழக்கு ஒன்று அவர் வாழ்க்கையை எழுதுவோர் எல்லோரும் குறிப்பிடுவது. லொத்தர்ச் சீட்டு விற்றதாகச் சீன வணிகர்களைக் கைதுசெய்யப் பொலிசார் வரவிருப்பதை முன்கூட்டியே அறிந்த அவர், வணிகர்களைக் கடை மாற்றி அமர்த்தினார். வந்தவர்கள் கடையின் பெயரைப் பார்த்து, உள்ளே இருந்தவரே கடைக்காரர் என்று எண்ணிப் பிடித்துச் சென்றார்கள். சீட்டு விற்ற ஆளை நேரில் பார்த்ததாகச் சொல்ல வேண்டிய சாட்சிகள், உண்மையில் முகத்தைப் பார்க்கவில்லை, கடையைத்தான் பார்த்தார்கள் என்பது அதனால் வெளிப்பட்டது, வழக்குகள் நிற்கவில்லை.

இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு, 1934இல் வெளிவந்த 'த கேஸ் ஆஃப் த ஹவ்லிங் டோக்' நாவலில் வாடகைக் கார் ஓட்டுநர் சாட்சி சொல்லும் பகுதியைப் படிக்க வேண்டும். கொலை நடந்த வீட்டுக்குத் தன் வண்டியில் வந்து இறங்கிய பெண்ணை அந்த ஓட்டுநர் அடையாளம் காட்ட வேண்டும். அந்தப் பெண் வண்டியில் ஒரு கைக்குட்டையை விட்டுச் சென்றிருக்கிறாள். பெரி மேசன் ஒரு நடிகையை அமர்த்தி, அவளை அனுப்பி, அது தன்னுடைய கைக்குட்டை என்று கேட்டு வாங்க வைக்கிறார். ஓட்டுநர் அவளைத்தான் ஏற்றி வந்ததாக உறுதியாக நம்பிக் கொடுத்துவிடுகிறார். பிறகு நீதிமன்றத்தில் அவர் எதிரியை, அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணை, சுட்டிக்காட்டும்போது, அந்த உறுதியின் பெறுமதி என்ன என்று வாசகர் தாமாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறார். ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தப் பகுதியின் வலிமை. நேர்மையான சாட்சி, தான் கண்டதாக நம்புவதைச் சொல்கிறார். நம்புவது எப்படி உருவானது என்பதை அவரே அறியார்.

அடையாள அணிவகுப்புத் தொடர்பான சாட்சியங்களை நான் எழுதி எடுத்திருக்கிறேன். "எப்படி இவர்தான் என்று சொல்கிறீர்?" என்ற வினாவுக்கு "எனக்குத் தெரியும்" என்ற விடை வருவதும், அடுத்த வினாவில் "மூக்கு" என்பதும், அதற்கடுத்த வினாவில் "பொலிஸ் நிலையத்தில் இருக்கும்போது கண்டேன்" என்பதும் வினாவும் விடையுமாகத் தாளில் விழுவதைப் பார்த்தவர்களுக்குக் கார்ட்னர் எழுதியது கற்பனை என்று தோன்றாது. சொல்லப்பட்ட சொல்லை அப்படியே தாளில் இறக்குவது சுருக்கெழுத்தாளரின் வேலை. அந்தத் தாளை மீண்டும் படித்து, எந்த இடத்தில் சாட்சி தடுக்கினார் என்று கண்டுபிடிப்பது சட்டத்தரணியின் வேலை. கார்ட்னரின் நாவல்கள் இந்த இரண்டாவது வேலையை வாசகரைச் செய்ய வைக்கின்றன.

கார்ட்னர் எழுதத் தொடங்கியது பணத்துக்காகவே. அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. 1920களின் தொடக்கத்தில் மலிவுத் தாளில் அச்சாகும் கதை இதழ்களுக்கு எழுதினார். பகலில் வென்சுராவில் வழக்காடுவதும், இரவில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்வதுமாக வாழ்ந்தார். ஆண்டொன்றுக்கு 1,200,000 சொற்கள் என்று தனக்குத்தானே ஓர் இலக்கு வைத்துக்கொண்டார். பின்னாளில் தட்டச்சை விட்டு, வாயால் சொல்லிச் செயலாளர்களைக் கொண்டு எழுதுவிக்கும் முறைக்கு மாறினார். முதல் பெரி மேசன் நாவலான 'த கேஸ் ஆஃப் த வெல்வெட் க்ளோஸ்' 1933இல் வில்லியம் மொரோ நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ அந்த ஆண்டோடு அவருடைய முழுநேரச் சட்டத்தொழில் முடிவுக்கு வந்தது. 1970 மார்ச் மாதத்தில், தெமெக்கியூலாவில் உள்ள தன் பண்ணை வீட்டில் அவர் இறக்கும்வரை எழுத்து நிற்கவில்லை. இறப்புக்குப் பின் வெளிவந்த இரண்டையும் சேர்த்து பெரி மேசன் நாவல்கள் மட்டும் 82.

வாயால் சொல்லி எழுதுவித்த எழுத்து என்பது படிக்கும்போதே தெரிகிறது. நல்லதும் கெட்டதும் இதிலிருந்தே வருகின்றன. உரையாடல்கள் ஓடுகின்றன, வினாவும் விடையும் பேசிப் பார்த்த பேச்சாகவே காதில் விழுகின்றன. அதே வேளையில், வர்ணனை என்று ஒன்று அநேகமாக இல்லை. பெரி மேசனின் தோற்றம், வீடு, பெற்றோர், இளமைக்காலம் ஆகிய எதையும் இத்தனை நாவல்களைப் படித்த பிறகும் உங்களால் விவரிக்க முடியாது. செயலாளர் டெலா ஸ்ட்ரீட், துப்பறிவாளர் பால் ட்ரேக், மாவட்ட வழக்குத்தொடுநர் ஹமில்டன் பேர்கர் ஆகிய எல்லோரும் புத்தகத்துக்குப் புத்தகம் அப்படியே வந்து நிற்கிறார்கள். எவருக்கும் வயது ஏறுவதில்லை. மனித உள்ளத்தின் ஆழத்தைத் தேடி நாவல் படிப்பவர்கள் இங்கே ஏமாற்றமடைவார்கள். அவர்களை நான் இந்தப் பக்கம் அழைக்கவும் மாட்டேன்.

என் மதிப்பில் இந்தத் தொடரின் உயிர் நீதிமன்றக் காட்சிகளே. அதிலும் ஓர் உத்தி கவனிக்கத்தக்கது. பெரும்பாலான நாவல்களில் வழக்கு, தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான யூரிமாரின் முன்பாக முழு விளக்கத்துக்கு, அதாவது முழு வழக்கு விசாரணைக்கு, செல்வதே இல்லை. எதிரியை விளக்கத்துக்கு அனுப்பப் போதுமான சான்று உண்டா என்று ஒரு நீதிபதி தனியே ஆராயும் பூர்வாங்க விசாரணையிலேயே கதை முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் கொலை வழக்குகளுக்கு நீதவான் நடத்தும் சுருக்கமுறையற்ற விசாரணைக்கு இது கிட்டத்தட்ட ஒப்பானது. யூரிமாரைத் தெரிவுசெய்வது, அவர்களுக்கு நீண்ட உரை ஆற்றுவது, நீதிபதி அவர்களுக்கு அறிவுறுத்துவது என்று கதையின் வேகத்தைக் குறைக்கும் எல்லாவற்றையும் இந்த ஒரே தெரிவின் மூலம் கார்ட்னர் வெட்டி எறிந்துவிட்டார். வழக்காடிய அனுபவம் இல்லாத ஒருவருக்கு இந்த வழி தோன்றியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

ஆனால் இந்த இடத்தில் இளம் சட்டத்தரணிகள் ஒன்றைப் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். பூர்வாங்க விசாரணையில் எதிரித் தரப்பு தன் கையில் உள்ளதை முழுவதும் விரித்துக் காட்டுவதில்லை. வழக்குத்தொடுநரின் சாட்சிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, தன் பதிலை மேல் நீதிமன்றத்துக்காக வைத்திருப்பதே வழமை. மேசன் எல்லாச் சீட்டையும் அங்கேயே இறக்கிவிடுகிறார். இந்தப் புத்தகங்களை என்னிடம் இரவல் வாங்கிச் சென்ற கனிஷ்ட சட்டத்தரணி ஒருவர் திருப்பித் தரும்போது, "ஐயா, இந்த ஆள் கேட்கிற கேள்வியில பாதியை நாங்கள் கேட்டால் எதிர்ப்பக்கம் எழும்பி நிண்டிடும், நீதவானும் விடமாட்டார்" என்றார். அவர் சொன்னது சரி. ஆயினும் எந்தக் கேள்விக்கு எழுந்து நிற்பார்கள், எந்தக் கேள்விக்கு நிற்க முடியாது என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே, அதுவே இந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த நேரத்துக்குப் பலன்.

அப்படிப் பிரித்துப் பார்க்க விரும்புவோர், இலங்கையின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு படிக்குமாறு சொல்வேன். அந்தச் சட்டம் 1872இன் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பெரிதும் தழுவி எழுதப்பட்டது. ஆங்கிலப் பொதுச் சட்டமே இரண்டுக்கும் அடி. கலிபோர்னியச் சட்டமும் அதே வேரிலிருந்து வந்ததால், முதல் விசாரணையில் விடையைச் சுட்டும் வினாக்களுக்குத் தடை, குறுக்கு விசாரணையில் அவற்றுக்கு அனுமதி, முன்பு சொன்ன கூற்றைக் கொண்டு சாட்சியை முரண்படுத்துதல், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் கேள்விச் சாட்சியத்தை விலக்குதல் ஆகிய அடிப்படைகள் எல்லாம் நாம் அறிந்தவையாகவே இருக்கின்றன. பேர்கர் எழுந்து ஆட்சேபிக்கும் ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடிவிட்டு, நம் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இந்த ஆட்சேபனை எழும், நீதிபதி இதை ஏற்பாரா என்று சொல்லிப் பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் நான்கு வரியாகக் கிடக்கும் பிரிவு, ஒரு மனிதனின் உயிர் அதில் தொங்கும்போது என்ன கனம் கொள்கிறது என்று அப்போது விளங்கும்.

மேசனின் நடத்தையை மட்டும் பின்பற்றக் கூடாது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தொடக்க கால நாவல்களில் அவர் சான்றுகளை இடம் மாற்றுகிறார், பொலிசார் தேடும் ஆளை ஒளித்து வைக்கிறார், சாட்சியைக் குழப்ப நடிகையை அனுப்புகிறார். எல்லாம் குற்றமற்ற கட்சிக்காரரைக் காப்பாற்றவே என்று கதை நமக்கு உறுதி அளித்துக்கொண்டே போகிறது. ஆனால் உண்மை வாழ்க்கையில் எந்தக் கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று சட்டத்தரணிக்கு முன்கூட்டியே எவரும் எழுதித் தருவதில்லை. இலங்கையில் இவ்வாறு நடக்கும் சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தின் முன் விளக்கம் சொல்ல நேரும்; அவருடைய பெயரைச் சட்டத்தரணிகளின் பெயர்ச் சுருளிலிருந்து நீக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. பிற்கால நாவல்களில் மேசன் இந்த வகையில் ஓரளவு அடங்கிவிடுகிறார். தொழில் ஒழுக்கத்தைக் கருதினால் அது நல்லதுதான். கதையின் காரம் அதனால் சற்றுக் குறைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலத்தால் பின்தங்கிப்போன பகுதிகளும் உண்டு. பெண் கட்சிக்காரர்கள் அநேகமாக அழகிகளாகவும், உண்மையை மறைப்பவர்களாகவுமே வருகிறார்கள். முதல் நாவலில் வரும் பெண், தன்னைக் காப்பாற்ற வந்த மேசனின் மீதே கொலைப் பழியைத் திருப்பிவிடுகிறாள். அந்தத் திருப்பம் கதையாக மிக நன்றாக இருக்கிறது, ஆனால் அதே அச்சு மீண்டும் மீண்டும் வரும்போது சலிப்புத் தட்டுகிறது. டெலா ஸ்ட்ரீட் மேசனைவிடக் கூர்மையாகச் சிந்திக்கும் இடங்கள் பல இருந்தும், அவர் தொடரின் முடிவு வரை செயலாளராகவே இருக்கிறார். கார்ட்னரின் வாழ்க்கையில் நீண்டகாலம் செயலாளராக இருந்த ஜீன் பெத்தெல்தான் டெலாவுக்கு மாதிரி என்று பலரும் சொல்வர். முதல் மனைவி இறந்தபின் 1968இல் கார்ட்னர் அவரை மணந்துகொண்டார்.

நாவல்களை மட்டும் படித்து நிறுத்திக்கொள்பவர்கள் கார்ட்னரின் மிகச் சிறந்த வேலையைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. பணமும் புகழும் வந்து சேர்ந்த பிறகு, அவர் உண்மையான கைதிகளுக்காக உழைக்கத் தொடங்கினார். கலிபோர்னியாவில் வில்லியம் மார்வின் லிண்ட்லி என்பவர் ஒரு சிறுமியைக் கொன்றதாகக் குற்றவாளியாகக் காணப்பட்டு மரண தண்டனைக்குக் காத்திருந்தார். ஒரு சட்டத்தரணி கேட்டுக்கொண்டதன் பேரில், கார்ட்னர் அந்த வழக்கின் சாட்சியப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாட்சியும் எந்த வேளையில் எங்கே யாரைப் பார்த்தார் என்று காலவரிசைப்படி அடுக்கிப் பார்த்தார். தனித்தனியே கேட்டபோது எவருக்கும் தோன்றாத ஒன்று, அடுக்கிப் பார்த்தபோது புலப்பட்டது. குற்றம் நிகழ்ந்த வேளையில் லிண்ட்லி வேறிடத்தில் இருந்திருக்கிறார் என்று அந்தப் பதிவேட்டிலேயே இருந்தது. மரண தண்டனை நிறுத்தப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது.

யாரோ ஒரு சுருக்கெழுத்தாளர், தான் எழுதுவது பின்னாளில் எதற்குப் பயன்படும் என்று அறியாமல், கேட்டதைக் கேட்டபடி பதிந்து வைத்ததால் ஓர் உயிர் தப்பியது. நீதிமன்றத்தில் என் பணியைச் செய்த காலமெல்லாம் இந்த வழக்கை நான் நினைத்துக்கொண்டதுண்டு. சாட்சி "ஆறு ஆறரை இருக்கும்" என்று சொன்னதை "மாலை 6.30" என்று சீராக்கி எழுதிவிடும் ஆசை எழும். எழுதக் கூடாது. அந்த அரை மணி நேரத் தளர்விலேயே ஒருவருடைய விடுதலை இருக்கக்கூடும்.

1948இல் 'ஆர்கசி' என்ற இதழின் உரிமையாளர் ஹரி ஸ்டீகரோடு சேர்ந்து, தடயவியல் மருத்துவர், துப்பறிவாளர், பொய் கண்டறியும் கருவியில் வல்லவர் ஆகியோரை அழைத்து, 'கடைசி நீதிமன்றம்' என்று பொருள்படும் ஒரு குழுவைக் கார்ட்னர் அமைத்தார். எல்லா மேன்முறையீடுகளும் முடிந்துவிட்ட கைதிகளின் வழக்குகளை இந்தக் குழு எடுத்து ஆராய்ந்து இதழில் எழுதியது. வாஷிங்டன் மாநிலத்தில் கொலைக்காகச் சிறையிலிருந்த கிளாரன்ஸ் போகி என்ற மரவெட்டி, அந்த ஆண்டின் இறுதியிலேயே ஆளுநரின் மன்னிப்பைப் பெற்று வெளியே வந்தார். இந்த அனுபவங்களைத் தொகுத்துக் கார்ட்னர் எழுதிய 'த கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசோர்ட்' 1952இல் வெளிவந்து, உண்மைக் குற்ற நூலுக்கான எட்கர் விருதை வென்றது. பெரி மேசனில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டாவது இந்த நூலை வாங்குங்கள். நாவல்களில் 250 பக்கங்களுக்குள் வழக்கு முடிகிறது. இந்த நூலில் ஆண்டுகள் போகின்றன, ஆவணங்கள் தொலைகின்றன, சாட்சிகள் இறந்துபோகிறார்கள், அதிகாரிகள் பதில் எழுதுவதில்லை. தவணைக்குத் தவணை வந்து போகும் மூதூர், கிண்ணியா மக்களைப் பார்த்துப் பழகிய நமக்கு எது உண்மை என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த அனுபவம் நாவல்களுக்குள்ளும் திரும்பி வந்தது. 1940களின் இறுதியிலிருந்து பல நாவல்களின் முன்னுரையில், தடயவியல் மருத்துவத்தில் உழைத்த ஒருவரைப் பற்றி எழுதி, நூலை அவருக்கே உரித்தாக்கியிருப்பார். 1949இல் வெளிவந்த 'த கேஸ் ஆஃப் த டூபியஸ் பிரைட்க்ரூம்' நூல் பிரான்சஸ் க்ளெஸ்னர் லீ அம்மையாருக்கு உரித்தாக்கப்பட்டது. கொலை நடந்த அறைகளைப் பொம்மை வீடுகளாகச் செய்து, பொலிசாருக்குத் தடயம் பார்க்கக் கற்பித்தவர் அவர். முன்னுரைகளைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். சட்ட மருத்துவம் படிப்பவர்களுக்கு அவை கதையளவுக்கே பயனுள்ளவை.

தமிழ் வாசகர் ஒருவர் இந்த நாவல்களைப் படித்து முடித்ததும் இயல்பாக எழும் கேள்வி, நம்மிடம் இப்படி ஏன் இல்லை என்பது. இந்தக் கேள்வி எனக்கு வேதனை தருவது. தமிழின் முதல் நாவல் என்று கொள்ளப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சானது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப்பாக, அதாவது உரிமையியல் வழக்குகளின் நீதிபதியாக, இருந்தவர். அதற்கு முன்பே, 1862இல், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டவரும் அவரே. தமிழ் நாவல் நீதிமன்றக் கட்டடத்தின் உள்ளிருந்துதான் புறப்பட்டு வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் பலர் கருதும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்டவர் நம் ஊரைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை. இலங்கை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்குக் கிழக்கில் முதல்நிலை நீதிமன்றங்களின் மொழி தமிழ். நாள்தோறும் இங்கே தமிழில் சாட்சியம் சொல்லப்படுகிறது, தமிழில் குறுக்கு விசாரணை நடக்கிறது, தமிழில் பதியப்படுகிறது. நாவலும் உண்டு, நீதிமன்றத் தமிழும் உண்டு. இரண்டும் சந்திக்கும் புத்தகம் ஒன்றை நம் சட்டத்தரணிகளில் ஒருவர் எழுத வேண்டும். நம் கூண்டில் நிற்கும் மீனவரும் விவசாயியும் காணித் தகராறில் வந்த மூதாட்டியும் பேசும் தமிழ், எந்த நாவலுக்கும் தாங்கும்.

இனி வாங்குவது பற்றி. பழைய பொக்கெட் புக்ஸ் சிறு பதிப்புகளே கொழும்புப் பழைய புத்தகக் கடைகளிலும் இணையத்திலும் அதிகம் கிடைக்கின்றன. விலை குறைவு என்பதைத் தவிர அவற்றில் நல்லது சொல்ல அதிகமில்லை. எழுத்து மிகச் சிறியது. பசை காய்ந்து போனவை. நம் ஊரின் உப்புக்காற்றில் ஒரு மாரிகாலம் வைத்திருந்தால் முதுகு விட்டுத் தாள்கள் கையோடு வந்துவிடும். ஓர் இணைய விற்பனையாளர் 'நல்ல நிலையில்' என்று குறிப்பிட்டு எனக்கு அனுப்பிய பிரதியில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் இல்லை. கொலையாளி யார் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கும் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய குறை வேறில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை. எனவே பழைய பிரதி வாங்குவோர், கடைசிப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்த பின்பே பணம் செலுத்துங்கள்.

அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கமே தன் பதிப்பகத்தின் வழியாக பெரி மேசன் நாவல்களில் சிலவற்றை மீண்டும் அச்சிட்டது. தாளும் எழுத்தும் நன்று. விலை சற்றுக் கூடுதல். மாணவர்கள் இருவர் மூவர் சேர்ந்து வாங்கிச் சுற்றிப் படிக்கலாம். மின்னூல் வடிவத்திலும் பல கிடைக்கின்றன. கண் பார்வை குறைந்தவர்களுக்கும், புத்தகம் வரக் காத்திருக்க இயலாதவர்களுக்கும் அதுவே உகந்தது; எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், விளங்காத சொல்லைத் தொட்டால் பொருள் வருகிறது. ஆங்கிலத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. வாக்கியங்கள் குறுகியவை, பெரும்பகுதி உரையாடல். உயர்தரத்தில் ஆங்கிலத்தைக் கவனமாகப் படித்த எவரும் தடையின்றிப் படிக்கலாம். சட்டச் சொற்கள் இயல்பாகத் திரும்பத் திரும்ப வருவதால் மூன்றாவது புத்தகத்திலேயே பழகிவிடும்.

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு சொல். 1957 முதல் 1966 வரை ரேமண்ட் பர் மேசனாக நடித்த 271 பகுதிகளும் புகழ் பெற்றவை. கடைசிப் பகுதியில் கார்ட்னரே நீதிபதியாகத் தோன்றினார். ஆனால் அங்கே பெரும்பாலும் யாராவது ஒருவர் நீதிமன்றத்தில் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவார். நாவல்களில் அப்படி எப்போதும் நடப்பதில்லை; தர்க்கத்தினால் முடிச்சு அவிழ்வதே அதிகம்.

முதலில் 'ஹவ்லிங் டோக்' வாங்குங்கள். முதல் நாவலான 'வெல்வெட் க்ளோஸ்' அதற்குப் பிறகு வரட்டும். அதில் நீதிமன்றக் காட்சி மிகக் குறைவு, தெருவிலும் அறைகளிலுமே கதை நடக்கிறது. மூன்றாவதாக 1956இன் 'த கேஸ் ஆஃப் த டெரிஃபைட் டைப்பிஸ்ட்'. யூரிமார் மேசனின் கட்சிக்காரரைக் குற்றவாளி எனத் தீர்க்கும் அபூர்வமான நாவல் அது. ஏன் அப்படி, அதன்பின் என்ன என்பதை இங்கே சொன்னால் வாங்குவோருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். இந்த மூன்றுக்கும் பிறகு, நேரே 'கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசோர்ட்' நூலுக்குச் செல்லுங்கள். அது பழைய பிரதியாகவே பெரும்பாலும் கிடைக்கும். கிழிந்த அட்டையோடு வந்தாலும் பக்கங்கள் முழுமையாக இருந்தால் வாங்கலாம்.